எங்கே என்று கேட்காத வீடு

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசி மாதம் நடந்தது இது. திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றை ஒட்டிய அக்ரஹாரத் தெருவில்தான் அப்போதும் இருந்தோம், இப்போதும் இருக்கிறோம். நடந்து சில வருஷங்கள் ஆகியும், மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் வானம் கறுத்தால் என் கை செய்கிற வேலையை விட்டுவிடுகிறது. எழுதிவிட்டாலாவது கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

என் மகள் பத்தாவதுக்குப் பிறகு படிக்கும் ப்ரீ டிகிரியில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள். நான் பி.ஏ. படித்தவள். சர்க்கார் ஆபீஸில் என் கையால் போகும் டிராஃப்டில் மேலதிகாரி பேனா வைப்பதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அப்படிப்பட்டவள் பெண்ணுக்கு இங்கிலீஷில் தோல்வி. ஆபீஸில் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக வந்து துக்கம் விசாரித்தாள்.

மறுபடி எழுதுவதற்குச் செப்டம்பர் பரீட்சை என்று பெயர், நடப்பது அக்டோபரில். அதற்காக ஒரு டுடோரியலில் சேர்த்திருந்தோம். கீழே சைக்கிள் கடை, மேலே வகுப்பு. அங்கே இருந்த மாஸ்டர், ஒரே குடும்பத்துச் சொற்கள் இரண்டைக் கொடுத்து அவற்றின் வித்தியாசத்தை வாக்கியங்களில் காட்டச் சொல்லும் கேள்வி நிச்சயம் உண்டு என்றும், இந்தத் தடவை ‘சே’யும் ‘டெல்’லும் வராமல் போகாது என்றும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

நம்பி, ஒரு மாதம் என் பிராணன் போயிற்று.

ஆட்டுக்கல்லில் நான் குழவியைச் சுற்றுவேன். அவள் எதிரே உட்கார்ந்து மாவைத் தள்ளிவிடுவாள். அதுதான் எங்கள் வகுப்பு. “டெல் என்று எழுதினால் அடுத்தாற்போல ஆள் வந்து உட்காரணும். டோல்ட் மீ, டோல்ட் ஹிம். சே என்றால் என்ன சொன்னோமோ அதுதான் முக்கியம், ஆள் தேவையில்லை. ஆளைக் கொண்டு வரணும்னா நடுவிலே ஒரு ‘டு’ போடணும். செட் டு மீ. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா.”

“எங்கே, ஒரு வாக்கியம் சொல்லு.”

“மை ஃப்ரெண்ட் செட் மீ...”

குழவியை எடுத்து என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எதிர்க் கேள்வி கேட்பாள். “டெல்லுக்கு ஆள் வேணும்னியே. ‘டெல் எ லை’ங்கறாளே, அங்கே ஆள் எங்கே?” அது வழக்கு என்பேன். “பொய்யை மட்டும் டெல் பண்ணணும், பிரார்த்தனையை சே பண்ணணுமா? யாரும்மா இந்தச் சட்டம் போட்டா? நமக்குச் சொல்றதுன்னு ஒண்ணுதான். மலையாளத்துல பறயறதுன்னு ஒண்ணுதான். லோகமே நடக்கறது. வெள்ளைக்காரனுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?”

“அவன்கிட்டேயே போய்க் கேளு. பாஸ் பண்ணிட்டுக் கேளு.”

“மதிம்மா. எனக்கு வய்யா.” எழுந்து கை கழுவப் போய்விடுவாள். போதும், என்னால் முடியாது என்பதைக்கூடப் பள்ளிக்கூடத்து மலையாளத்தில்தான் சொல்ல வரும் அவளுக்கு. எங்கள் வீட்டுத் தமிழில் பாதிதான் அவளிடம் மிச்சம். அதைத் திருத்துவதா, இங்கிலீஷைத் திருத்துவதா?

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். கோபம் கிடையாது, செலவு கிடையாது, வம்பு கிடையாது. ஒன்றே ஒன்றுதான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களை ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய் ஜலம் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவார். எங்கள் தெருவில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அதிகம் போனால் ‘தூரமா?’ என்று கேட்பார்கள். பக்கம்தான், கொஞ்சம் தூரம்தான் என்று ஏதாவது பதில் வரும். அதற்கு மேல் தோண்டுவது மரியாதை இல்லை. ஆனால் இவர் அளவுக்குப் பிடிவாதம் யாருக்கும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஆபீஸுக்குக் கிளம்பியவரை நான் ஒருநாள் கேட்டுவிட, அவர் பஸ்ஸைத் தவறவிட்டதும், மேலதிகாரியிடம் பேச்சு வாங்கியதும், அது நான் கேட்டதால்தான் என்று அவர் நிரூபித்துவிட்டதும் பழைய கதை.

பரீட்சை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். மறுபடியும் ‘செட் மீ’. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பெண்ணைப் பெற்று, பரீட்சைக்கு அனுப்பிய எந்த அம்மாவும் சொல்வதுதான். அதில் கடைசி வாக்கியம், இந்தத் தடவையும் போச்சுன்னா என் மூஞ்சியிலேயே முழிக்காதே என்பது.

அவள் பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, நான் அடுக்களையில் இருக்கிறேன். பரீட்சைக்காக இரண்டு பேருமே லீவு போட்டிருந்தோம். அவள் தோளில் பை, கையில் குடையுடன் வாசல் பக்கம் போவது தெரிந்தது. நான் கரண்டியோடு வெளியே வந்து வாயைத் திறந்தேன். ‘எங்...’ என்று பாதி வந்துவிட்டது. ஈஸிசேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரர், தலையைக்கூடத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. அந்த ‘எங்’கை அப்படியே விழுங்கிவிட்டேன்.

“போயிட்டு வரேன்,” என்றாள் அவள். சுவரைப் பார்த்துச் சொன்னாள். போய்விட்டாள்.

டுடோரியலுக்குத்தான் போகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேறு எங்கே போவாள்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. கடைசி நாள், கூட ஒரு மணி நேரம் பிடித்துவைத்திருப்பார்கள் என்றார் அவர். இலையில் போட்டது ஆறிப்போனது. இன்னும் வரவில்லை. நானே டுடோரியலுக்குப் போனேன். மேல்மாடிக் கதவில் பூட்டு. கீழே சைக்கிள் கடைக்காரர், “இன்னலே தீர்ந்நல்லோ, சேச்சி” என்றார். நேற்றோடு வகுப்பு முடிந்துவிட்டதாம்.

திரும்பி எப்படி வந்தேன் என்று தெரியாது. வரும்போதே எதிர்வீட்டு மாமியைக் கேட்டேன்.

“பார்த்தேனே. கார்த்தால கோலத்துக்குக் காவி இட்டுண்டிருந்தேன். பையும் குடையுமா வந்தா. தூரமாடீன்னு கேட்டேன்.”

“அவ என்ன சொன்னா மாமி?”

“கொஞ்சம் தூரம்தான் மாமின்னா.” மாமி தெருக்கோடியைக் காட்டினாள். “ஆத்துப் பக்கமா திரும்பினாப்போல இருந்தது. அதுக்கு மேலே எப்படிடீ கேக்கறது, கிளம்பற குழந்தையை?”

ஆற்றுப் பக்கம் என்றால் படித்துறையும் உண்டு, பஸ் நிற்கிற இடமும் உண்டு. என் மனசு படித்துறைக்குத்தான் போயிற்று. ரிசல்ட் வரும் மாதங்களில் பேப்பரில் வருகிற சின்னச் சின்னச் செய்திகளை நான் படிக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுவது வழக்கம். அன்றைக்குப் படிக்காத அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. முந்தின நாள் நான் சொன்ன கடைசி வாக்கியமும் கூடவே வந்து நின்றது.

இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு படித்துறைப் பக்கம் போனார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் காலையிலிருந்து அங்கேயே இருக்கிறார்களாம். அப்படி எந்தப் பெண்ணும் வரவில்லை என்றார்களாம். அவர் வந்து சொன்னபோது உதடு கோணிக்கொண்டு போனது.

அதற்குள் நான் அவளுடைய பெட்டியைக் கவிழ்த்திருந்தேன். என்ன தேடினேன் என்று எனக்கே தெரியாது. எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. ஸ்வெட்டர். அவருடைய தங்கை கொடைக்கானல் போனபோது வாங்கி வந்த நீல ஸ்வெட்டர். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அதை யாரும் ஒருநாள்கூடப் போட்டதில்லை. பாச்சை உருண்டையோடு பெட்டி அடியில் கிடக்கும்.

“ஸ்வெட்டரை எடுத்துண்டு போயிருக்கா!” என்று கத்தினேன்.

“அதனாலே?”

“படித்துறைக்குப் போறவ எதுக்கு ஸ்வெட்டர் எடுத்துண்டு போவா? குளிர்ற இடத்துக்குப் போயிருக்கா. மலைக்குப் போயிருக்கா!”

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு மலை என்றால் பொன்முடிதான். அப்போதுதான் ஞாபகம் வந்தது. டுடோரியலில் அவளுடன் படித்த ஒரு பெண், பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான லைனிலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அப்பா இல்லை, அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பத்து நாளைக்கு முன் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று என் மகள் ஒரு தடவை சொன்னாள். அதையும் அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று நான் அடம் பிடிக்க, அவள் பாதியில் விட்டுவிட்டாள்.

கையில் கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு இறங்கினோம். தெருவில் நாலடி வைத்திருக்க மாட்டோம், பின்னாலிருந்து எதிர்வீட்டு மாமியின் குரல். “ஏதாவது தெரிஞ்சுதா?”

என் வீட்டுக்காரர் நின்றார்.

“வாங்கோ,” என்றேன்.

“பின்னாலேர்ந்து கூப்பிட்டுட்டா. ஒரு நிமிஷம். உள்ளே வந்து ஒரு வாய் ஜலம்...”

நடுத்தெரு என்றும் பார்க்காமல் நான் போட்ட கூச்சலை அந்தத் தெரு இன்னும் மறந்திருக்காது. “பொண்ணைக் காணோம். உங்க ஜலத்தைக் கொண்டுபோய்க் கொட்டுங்கோ!” அவர் உள்ளே போகத்தான் செய்தார். ஜலம் குடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் ஓடி வந்தார். மேல்துண்டெல்லாம் நனைந்திருந்தது. அவசரத்தில் பாதியை மேலேயே கொட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டினேன், இருந்தாலும்.

பஸ் ஸ்டாண்டில் அதற்குள் மழை தொடங்கிவிட்டது. ஐப்பசியில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடியோடு வருகிற மழை. மலைப்பக்கம் போகிற பஸ்ஸின் கண்டக்டர்களை ஒவ்வொருவராகக் கேட்டோம். மலையடிவாரத்து வித்துராவிலிருந்து திரும்பி வந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், நான் ஸ்வெட்டர் என்றதுமே தலையாட்டினார்.

“ஆ, ஆ குட்டி! நல்ல வெயில்ல கம்பிளிக் குப்பாயம் மடியில வெச்சு இருந்நு. எவிடேக்கான்னு சோதிச்சு. வித்துரான்னு பறஞ்சு. பொன்முடி வண்டி எப்போழான்னு என்னோடு சோதிச்சு.” வெயிலில் மடியில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து, வித்துராவுக்கு டிக்கெட் எடுத்து, பொன்முடி வண்டி எப்போது என்று விசாரித்தாளாம். டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். “நிங்ஙள் அச்சனும் அம்மையும் அல்லே? நிங்ஙள் சோதிச்சில்லே?”

நீங்கள் கேட்கவில்லையா என்கிறார். அன்று முழுவதும், அந்த ஊரில், என் மகளை எங்கே போகிறாய் என்று நேராகக் கேட்ட ஒரே ஆள் பஸ் கண்டக்டர். அதுவும் டிக்கெட் கிழிப்பதற்காக.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மழையைப் பார்த்தார்.

வித்துரா பஸ்ஸில் ஜன்னல் படுதா எல்லாம் இறக்கியிருந்தது. உள்ளே இருட்டு, ஈர வாடை. பொழுது சாயும் நேரத்தில் வித்துராவில் இறங்கினோம். சந்தை கலைந்துபோய்ச் சேறும் வாழை இலைச் சருகுமாகக் கிடந்தது. பொன்முடிக்கு அடுத்த பஸ் எப்போது என்று டீக்கடையில் கேட்டதும் அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ் கிடையாதாம். கொண்டையூசி வளைவு ஒன்றில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. தேயிலை ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்று அதில் மாட்டிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. டிரைவரைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள்.

“வண்டீல வேற ஆளு உண்டாயிருந்தோ?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும், பஸ் வராததால் பட்டணத்துப் பெண் ஒருத்தி லாரியில் ஏறியதாகக் கேள்விப்பட்டேன் என்றார். மலையாளத்தில்தான் சொன்னார். அதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். நான் ஓடினேன் என்கிறார் அவர். எனக்கு நினைவில்லை. டிரைவர் கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். செங்கோட்டைப் பக்கத்து ஆள். தமிழ்ச் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்தார்.

“நீல சட்டை போட்ட புள்ளையா? ஏறுனா. இந்தா, படியில ஒரு கால் வச்சாச்சு. அதுக்குள்ள லைன்லேருந்து ஒரு பொம்பள கம்பளியும் கிம்பளியுமா ஓடியாந்து கையப் புடிச்சு இழுத்துட்டா. ஒரே சண்டை. எனக்கு நேரமாச்சுன்னு நான் வண்டிய எடுத்துட்டேன்.” கட்டுப் போட்ட காலை லேசாக நகர்த்தினார். “அந்தப் பக்கத்துக் கதவுதாம்மா மண்ணுல பொதைஞ்சுது.”

அந்தப் பக்கம் என்றால், அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய பக்கம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்த டிரைவரின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் பிடித்துக்கொண்டார் என்று டிரைவருக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் கழிந்தது. விடிந்ததும் மண் வெட்டப் போகிற ஆட்களின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏறினோம். மழை விட்டிருந்தது. சரிந்த மண்ணின் மேல் பலகை போட்டு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். லாரி கீழே சாய்ந்து கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தேன். வளைவில் மூன்று பேர் இறங்கி வருகிறார்கள். நடுவில் நீல ஸ்வெட்டர்.

கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. பலகையைத் தாண்டியதும் அவள் முதுகில் இரண்டு வைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

“சொல்லிண்டுதானே போனேன்,” என்று அவள் விசும்பினாள்.

“யார்கிட்டேடீ சொன்னே?” என்றேன்.

அவள் விசும்பலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “அம்மா, இங்கேயுமா கிராமர்?”

நான் கிராமரை நினைக்கவே இல்லை. ஆனால் ஒரு மாதமாக அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதே கேள்விதான். யாரிடம், யாரிடம். அந்தச் சேற்றில் நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை அது.

விஷயம் இதுதான். அந்த எஸ்டேட் சிநேகிதியின் ஹால்டிக்கெட் டுடோரியலுக்கு வந்துவிட்டது. அவளோ மலையில். பரீட்சை திங்கட்கிழமை. தபாலில் போட்டால் சேராது. போன் கிடையாது. நான் கொண்டு கொடுக்கிறேன் என்று என் மகள் மாஸ்டரிடம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு.

“எங்ககிட்டே கேட்டிருக்கலாமே?” என்றார் அவர்.

“கேட்டா விடமாட்டேள். வாசல்ல இறங்கற வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தா அப்பா கேக்கமாட்டா, அம்மாவையும் கேக்கவிடமாட்டான்னு தெரியும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “எப்பவும் அப்படித்தானே.”

எப்பவுமா! இதற்கு முன் எத்தனை தடவை, எந்தெந்த சினிமாவின் மத்தியானக் காட்சிக்கு என்று கேட்க வாய் துடித்தது. அப்பா போட்ட சட்டத்தில் அவள் ஒரு வாசல் வெட்டி வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் போய் வந்துகொண்டிருக்கிறாள். இலக்கணத்தில் மட்டும்தான் அவளுக்கு விதிகள் பிடிபடவில்லை.

மூன்றாவதாக வந்த அம்மாள்தான் சிநேகிதியின் அம்மா. காய்ச்சல் விட்டும் விடாத முகம், தலையோடு கம்பளி. உடம்பில் தெம்பு இல்லை, தொண்டையில் இருந்தது.

“ஏட்டி, இவுகதானா ஒங்க அம்மையும் அப்பாவும்?” என்று என் மகளிடம் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, சமஞ்ச புள்ள மலையேறி வாரா. எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியளா? கொழுந்து மூட்டை அனுப்புனாக்கூட எங்க போவுதுன்னு கேட்டுத்தானே அனுப்புதோம்!”

“கிளம்பறப்போ கேக்கப்படாதுன்னு ஒரு இது...” என்றார் என் வீட்டுக்காரர்.

“அது என்ன இது?”

அவர் விளக்கினார். போகிற காரியம், தடங்கல், பெரியவர்கள் சொன்னது. அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு தன் மகளைப் பார்த்து, “நல்லா இருக்கு போ” என்றாள். “சாமி, இங்க ஒருத்தர் கீழ எறங்குனா, லைன்ல இருக்க அத்தன பேரும் கேப்போம். எங்க போற, எதுல போற, எப்ப வருவ. கேட்டு வச்சுக்கிடலன்னா மறுநா எந்தப் பள்ளத்துலன்னு போய்த் தேடுறது? நேத்து இந்தப் புள்ள லாரியில ஏறுதா. எங்கட்டி போறேன்னேன். வீட்டுக்குங்கா. நீ வந்தது வீட்ல தெரியுமான்னேன். முழிக்கா. தெரியாதுன்னா நான் எப்படி அனுப்ப? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நாளைக்கு நீங்க வந்து என்னையத்தானே கேப்பிய? அதான் புடிச்சு இழுத்தேன். கையில கீறிட்டா, பாருங்க.”

காட்டினாள். என் மகளின் நகம் பட்ட கோடு நீளமாக இருந்தது.

நன்றி சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்கு எந்த பாஷையிலும் ஒரு வாக்கியம் உருப்படியாக வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “விடுங்கம்மா, காய்ச்சக் கை. ஒட்டிக்கிடும்” என்று உருவிக்கொண்டாள். தன் பெண்ணை எங்களோடு அனுப்பும்போது எங்கே தங்குவாள், என்றைக்குத் திரும்புவாள், யார் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று என்னிடம் கேட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பலகையைத் தாண்ட விட்டாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ‘எங்க’வுக்கும் முகத்தைச் சுளித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பெண்களும் திங்கட்கிழமை எங்கள் வீட்டிலிருந்தே பரீட்சைக்குப் போனார்கள். கேள்வித்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இரண்டு சொற்களின் வித்தியாசம் கேட்டிருந்தார்கள். ‘லெண்ட்’டும் ‘பாரோ’வும். கடன் கொடுப்பது, கடன் வாங்குவது. சேயும் இல்லை, டெல்லும் இல்லை. ஒரு மாதம் நான் அரைத்த மாவு! அந்த மாஸ்டர் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள், அது வேறு விஷயம். என் மகள் மயிரிழையில்.

இப்போது அவள் டிகிரி முடித்துவிட்டு எர்ணாகுளத்தில் வேலைக்குப் போகிறாள். இன்றைக்கும் ‘ஹி செட் மீ’ என்று எழுதுவாள் என்றுதான் நினைக்கிறேன். அது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருத்துவதைத்தான் விட்டுவிட்டேன்.

ஆனால் வாசலில் யார் இறங்கினாலும் ‘எங்கே?’ என்று கேட்பதை விடவில்லை. உரக்கக் கேட்பேன். பால்காரரைக்கூடக் கேட்டுவிட்டேன் ஒருநாள். எதிர்வீட்டு மாமிக்கு நான் அபசகுனம். என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் சண்டை போட்டார். நான் கேட்பேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். ஜலம் குடிப்பார். முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுபடி இறங்குவார். நான் மறுபடி கேட்பேன். சில நாள் இப்படியே மூன்று சுற்று நடந்து, போக இருந்த கடையையே மூடியிருப்பார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம், மலைப்பக்கம் வானம் இருண்டுகொண்டு வந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தெருவில் நின்று திரும்பினார். சாமியைத் தவிர வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் குரலைத் தாழ்த்தி, “ஆரியசாலைக்கு. புளி வாங்க. அஞ்சு மணிக்குள்ளே வந்துடுவேன்” என்றார்.

அப்படி ஒரு சின்ன விவரம் காதில் விழுந்தால்தான், கண்ணெதிரே ஒரு நீல ஸ்வெட்டரும் லாரிப் படியும் வந்து நிற்காமல், என்னால் உள்ளே திரும்பிப் போய் அடுப்பைப் பார்க்க முடிகிறது.